மூன்று தரம் மறுத்த நடுவர்

பாரிஸ் லா சப்பலில் ரோல்ஸ் பொரிக்கும் கடையைக் கடக்கும்போது இன்றைக்கும் கால் தானாக நிற்கிறது. சென்ற சனிக்கிழமை ஆறு வாங்கினேன். கடதாசிப் பை கைக்கு வந்ததும், யாராவது படம் எடுக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார். "என்ன அண்ணை, பொலிஸ் தேடுதோ?" அவருக்கு உன்னைத் தெரியாது.

மார்க்ஸ் டோர்மோயில் ஒரே அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்த காலத்திலேயே நீ ஒருவரையும் நம்ப மாட்டாய். கிழமை நாட்களில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து உணவகத்தில் கோப்பை கழுவினாய். ஒரு ஞாயிறு பொபினியில் விளையாட்டுத் திடலைத் துப்புரவாக்கப் போன இடத்தில்தான் அமெரிக்கன் ஃபுட்பாலைக் கண்டாய். தலைக்கவசம் போட்ட பெரிய உடம்புகள் முட்டை வடிவப் பந்துக்காக மோதிக்கொண்டிருந்தன. உன்னைக் கவர்ந்தது அதுவல்ல.

"இருபத்திரண்டு பேர் விளையாட, ஏழு நடுவர் சந்தேகப்பட நிக்கினம் மச்சான். இவ்வளவு நேர்மையான விளையாட்டை நான் காணேல்லை."

அகதி விண்ணப்பத்தைவிடக் கவனமாக விதிப்புத்தகத்தைப் படித்தாய். பரீட்சை எழுதினாய். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட நடுவர் சட்டை வந்தது; சில ஆண்டுகளில் தலைமை நடுவரின் வெள்ளைத் தொப்பியும் வந்தது. தவறு கண்டால் நீ மஞ்சள் துணியை நிலத்தில் எறிவாய். உடனே நூறு கிலோ பிரெஞ்சுக்காரன், வதிவிட அட்டைக்காகப் பிரெபெக்சர் யன்னலுக்கு முன்னால் நாம் நிற்பதுபோல நிற்பான். "பந்தைச் சனம் பாக்கும். நான் கையைத்தான் பாப்பன்" என்பாய். கலியாண வீட்டுப் பந்தியிலும் பரிமாறுகிறவரின் கையைத்தான் பார்த்தாய்.

முதல் பிரிவுக்கு உன்னை உயர்த்தலாமா என்று பார்க்க லீக்கிலிருந்து ஆட்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை, நானும் வந்தேன். சும்மா வரக்கூடாதென்று பன்னிரண்டு ரோல்ஸ் சூடாகக் கட்டிக்கொண்டு வந்தேன். குளிர். வாசலில் ஒரு பெண் நீல மஃப்ளர் தந்தாள், கழுத்தில் சுற்றிக்கொண்டேன். அது உள்ளூர் அணியின் நிறம் என்பது எனக்குத் தெரியாது.

திடலோரம் நின்ற உன்னிடம் பொதியை நீட்டினேன்.

"வேண்டாம், கொண்டு போ."

"சூடா இருக்கடா."

"வேண்டாம் எண்டுறன்."

"பசிக்கும், வைச்சுக்கொள்."

"டேய், வேண்டாமடா!"

மூன்று தரம் வேண்டாம் என்றாய். எங்கள் வீடுகளில் அது சம்மதம். உன் பையைத் திறந்து நானே உள்ளே திணித்தேன். எதிரணிப் பயிற்சியாளர் அதைப் படம் எடுத்தார்: உள்ளூர் அணியின் மஃப்ளரோடு ஒருவன் ஆட்டத்துக்கு முன் நடுவரின் பைக்குள் எதையோ ஒளிக்கிறான்.

விசாரணைக்குழுவில் மூன்று பேர் இருந்தார்கள் என்று பிறகு சொன்னாய். மறுத்தீர்களா என்று கேட்டார்கள். மூன்று தரம் என்றாய். பிறகு எப்படிப் பைக்குள் வந்தது என்றார்கள். எங்கள் ஆட்களிடம் முதல் மறுப்பு மரியாதை, இரண்டாவது கூச்சம், மூன்றாவதுக்குப் பிறகு வாங்கிக்கொள்வது வழக்கம் என்று விளக்கினாய். குழு அக்கறையோடு எழுதிக்கொண்டது. உன் விளையாட்டில், எதிரணி செய்த தவறுக்கான தண்டனையை 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை பாதிக்கப்பட்ட அணிக்கு உண்டாம். அதைச் சொல்லி ஒரு பெண்மணி பணிவாகக் கேட்டாராம்: "அப்படியானால், ஐயா, ஓர் அணி வேண்டாம் என்றால் நீங்கள் எத்தனை தரம் கேட்பீர்கள்?"

குற்றம் நிரூபிக்கப்படவில்லை. உயர்வு தள்ளிவைக்கப்பட்டது. இந்த நாட்டில் தள்ளிவைக்கப்பட்டவை எங்கே போகும் என்று நம் இருவருக்கும் தெரியும்.

முடிவு வந்த அன்று மாலையே என் வீட்டுக்கு வந்தாய். கதிரையில் இருக்கவில்லை.

"மஃப்ளரை ஆர் தந்தது?"

"வாசலிலை எல்லாருக்கும் குடுத்தவை."

"எல்லாருக்குமோ? நீ கண்டனியோ?"

யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தந்ததை மட்டுந்தான் கண்டிருந்தேன்.

அதற்குப் பிறகும் நீ வந்து போனாய். இரண்டாம் பிரிவில் விசிலும் ஊதினாய். ஆனால் என் மனைவி சாப்பாடு போட்டால் நான் முதல் வாய் வைக்கும்வரை காத்திருந்தாய். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் எனக்கும் சந்தேகம் வந்திருக்கும். ஆனால் நான் உன் இடத்தில் இல்லை. நான் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். அதை உனக்குத் தெரியவைக்க வழிதான் தெரியவில்லை.

கடைசியில் நீ நோயில் கிடந்த ஆஸ்பத்திரிக்கு இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தேன். "வேண்டாம்" என்றாய். உன் விதிப்புத்தகத்தை மதித்து, இரண்டாம் தரம் கேட்கவில்லை. பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனேன். வாழ்க்கையில் முதல் தடவை சரியாக நடந்துகொண்டதாகப் பேருந்தில் நினைத்தேன்.

நீ இறந்த முப்பத்தோராம் நாள் சடங்கில், உன் மனைவி கோப்பையில் சோறு போட்டபடி சொன்னாள்: "நீங்கள் போன பிறகு கதவையே பாத்துக்கொண்டு கிடந்தவர் அண்ணை. 'அவன் இன்னொருக்காக் கேப்பான் எண்டு நினைச்சன்' எண்டவர்."

அவள் என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லியிருக்கலாம். சாட்சிக்கு வேறு ஒருவரும் இல்லை. இருந்தாலும் அதை நம்புவதென்று முடிவெடுத்திருக்கிறேன். நீயாக இருந்தால் நம்பியிருக்க மாட்டாய்.