ஆம்பிசிலின் போடாத தட்டு

1991 பிப்ரவரி 4, மோகா

கரும்பின் மரபணுத் துண்டை இன்று வெட்டியாகிவிட்டது. வெட்டும் நொதி, ஒட்டும் நொதி, இரண்டும் கண்ணுக்குத் தெரியாது, என் தலைமயிரைப் போல. இனி துண்டை ஒரு டி.என்.ஏ. வளையத்தில் ஒட்டி, வளையத்தை பாக்டீரியாவுக்குள் புகுத்த வேண்டும். பாக்டீரியாவைக் கொல்லும் ஆம்பிசிலின் மருந்து கலந்த தட்டில், வளையம் புகுந்தது மட்டும் பிழைக்கும். அது பிழைத்தால் எனக்கு இரண்டு வருட ஒப்பந்தம். ஒப்பந்தம் வந்தால் அம்புஜம் கும்பகோணத்துப் பள்ளிக்கூட வேலையை விட்டு இங்கே வருவாள். என் இல்லறம் ஒரு பாக்டீரியாவின் கையில்.

பிப்ரவரி 6

தட்டு ஊற்றும் நேரத்தில் அவளிடமிருந்து போன். "நெஜமாவே வரட்டுமா? கேலி பண்ணாம சொல்லுங்கோ." மூன்று வருடத்தில் இப்படிக் கேட்டதில்லை. வா வா என்று ஆய்வுக்கூடமே கேட்கச் சொன்னேன்.

பிப்ரவரி 7

தட்டு கொள்ளாத பாக்டீரியாப் புள்ளிகள். எங்கள் தலைவர் துரைசாமி நாலு தலைமுறையாக இந்தத் தீவுக்காரர். தீவு மொழியான கிரியோலில் பாராட்டிவிட்டு "அரோகரா" என்றார். தமிழில் அவருக்குச் சரளமாக வருவது அதுதான். அம்புஜத்துக்குச் சொன்னேன். ராஜிநாமா கொடுத்துவிட்டாள்.

பிப்ரவரி 8

உதவியாளர் ஒதில் ஊர் வம்பெல்லாம் எனக்கு ஊட்டுபவள். இன்று வம்புக்குப் பதில் ஒரு தட்டை என் முன் வைத்தாள். வளையமே கொடுக்காத பாக்டீரியா, ஒப்பிட்டுப் பார்க்க வைத்தது. செத்திருக்க வேண்டும். மொய்த்துக் கிடந்தது.

"ஆயோ முஸ்யே ஜம்பு, மருந்து போட்டீங்களா?"

போட்டேனா? போன் வந்தது — பேசினேன் — ஓடிவந்து ஊத்தினேன். போடலை. போடவே இல்லை.

"ஷெஃப் துரைசாமி இதைப் பாக்கலை. குப்பையில போட்டுடவா?"

பதில் சொல்ல எனக்கு இவ்வளவு நேரம் ஆகியிருக்கக் கூடாது.

பிப்ரவரி 9

துரைசாமியிடம் சொன்னேன். ஜூன் வரை பொறுப்பாராம். அம்புஜத்திடமும் சொன்னேன். "அப்போ லெட்டரைத் திருப்பி வாங்கிக்கறேன்," என்றாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 2

புயல், மின்சாரமில்லை. நொதிகள் இருந்த ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக் காத்தேன். மடிக்கு வேறு போட்டியில்லை.

ஏப்ரல் 27

அம்புஜம் கடிதம். தலைமையாசிரியை ஆகிவிட்டாள். "இனிமே நீங்கதான் வரணும்." கேலிக்கு இடமில்லாத ஒரே வரி. நாலு தடவை படித்துப் பார்த்துவிட்டேன்.

ஜூன் 5

இம்முறை ஒதில் பக்கத்தில் நின்று மிரட்ட, மருந்து கலந்து ஊற்றிய தட்டு. ஒன்பது புள்ளிகள். ஒப்பிடும் தட்டு, துடைத்து வைத்தது போல் காலி. துரைசாமி ஒப்பந்தத்தை நீட்டினார். பேனா இல்லை என்றேன். சட்டைப்பையில் இரண்டு இருந்தன. அதில் ஒன்றால்தான், நான் ஊர் போன பிறகு அந்த ஒன்பதையும் எப்படி வளர்ப்பது என்று ஒதிலுக்கு எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன்.