மத்தாப்பு நடுவில் நின்ற காரணம்

பெரும்பாக்கம்,
திங்கட்கிழமை காலை.

என் கண்ணு அனுப்ரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் நைனாவும் சுகமாக இருக்கிறோம், நைனாவின் முதுகுவலியும் அவரை விட்டுப் போக மனமில்லாமல் சுகமாக இருக்கிறது. உனக்குக் குளிர் கொஞ்சம் விட்டதா, கை வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, மூன்றுக்கும் பதில் எழுது. ரொட்டி தின்றேன் என்று எழுதினால் அதைச் சாப்பாடு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என்னடா இது, அம்மா பத்தாவது பரீட்சைக்குப் பிறகு இப்போதுதான் பேனா எடுத்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நான் பாதி சொல்வதற்குள் நீ பேச ஆரம்பித்துவிடுவாய், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும், இரண்டு மாதமாக அப்படித்தான் நடக்கிறது. நிஷாவின் சித்தப்பா புதன்கிழமை ஜெர்மனி கிளம்புகிறார், பருப்புப் பொடியோடு கடிதத்தையும் உன் கையிலேயே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அதுவரைக்கும் நேற்று நடந்த குதிரைப் போட்டியைப் பற்றி உனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று நிஷாவிடமும் உன் குதிரை வாத்தியார் விஜயராகவன் சாரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறேன், அதனால்தான் உன் மெசேஜுக்கு ஒருத்தரும் பதில் போடவில்லை. நம் குதிரை மத்தாப்புக்கும் ஒன்றுமில்லை, நிஷாவுக்கும் ஒன்றுமில்லை, பயப்படாதே. முழுக்கப் படி. நடுவில் என்மேல் கோபம் வரும், வந்தாலும் கீழே வைக்காமல் படி.

போட்டியில் மத்தாப்பு மறுபடி நின்றுவிட்டான் என்றால் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று நீ சொல்லியிருக்கிறாய். மூன்று வருடப் படிப்பு, அதில் எட்டு மாதம்தான் ஆகியிருக்கிறது, குதிரையைப் பழக்கும் வேலையை அந்த ஊரில் போய்ப் படிக்க நம் பிளாக்கிலிருந்து யார் போனார்கள், யாருக்குக் கிடைத்தது. ஆனால் உன் மனசும் எனக்குத் தெரியாமல் இல்லை. ரேசுக்கு ஆகாது என்று ஒதுக்கிய குட்டி, நெற்றியில் மத்தாப்பு தெறித்த மாதிரி வெள்ளை, அதைத் தவிர அவனிடம் பார்க்க ஒன்றுமில்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நீதான் மூன்று வருடம் அவனோடு கிடந்து, டிரெஸ்ஸாஜ் என்று சொன்னபடி நடந்து நின்று காட்டும் அந்தப் போட்டிக்கு இவனை மாதிரி ஒரு குதிரை இந்தச் சென்னையில் இல்லை என்று விஜயராகவன் சார் வாயாலேயே சொல்ல வைத்தாய். நீ போனபிறகு நிஷா ஏறினாள். கோபாலபுரத்துப் பெண் என்றாலும் அலட்டல் கிடையாது, கை மெத்தென்று இருக்கிறது, அவளோடும் நான்கு மாதம் நன்றாகத்தான் போனான். தீபாவளி கழிந்துதான் வினை வந்தது. மணல் மைதானத்துக்குள் நேராக வருவான், நட்டநடுவில், நீங்கள் எக்ஸ் என்கிற இடத்தில், சிலை மாதிரி நிற்பான். நிற்பது சரிதான், நிஷா ஜட்ஜ் பக்கம் பார்த்து சல்யூட் வைத்ததும் கிளம்ப வேண்டுமே, கிளம்ப மாட்டான். காலால் அழுத்தினாலும் சரி, கெஞ்சினாலும் சரி, தலையை இடது பக்கம் திருப்பி எதையோ தேடிக்கொண்டு நிற்பான். விஜயராகவன் சார் தாடியைத் தடவிக்கொண்டு, அவன் அனுவைத் தேடறான் வேலம்மா, ஏங்கிண்டிருக்கான் என்றார். அதை நிஷா வீடியோ எடுத்து உனக்கு அனுப்பினாள், நீ அழுதாய். முதலாளி சிதம்பரநாதன் ஐயா தி.நகர் ஜவுளிக்கடையிலிருந்து நேரே வந்து பார்த்துவிட்டு, நடுவுல நிக்கதுக்கா நான் இவனுக்குக் கொள்ளு போடுதேன், கல்யாண ஊர்வலத்துக்கு ஒருத்தர் கேக்காவ, தை மாசப் போட்டியிலயும் நின்னாம்னா குடுத்துருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். குதிரை கீழே தள்ளினதுமில்லாமல் குழியும் பறித்த கதையாக, அன்றைக்கு ராத்திரிதான் நீ, போட்டியிலும் நின்றால் வந்துவிடுகிறேன் என்று போன் செய்தாய்.

இனிமேல்தான் நான் சொல்ல வேண்டியது. நீ ஏர்போர்ட் போன அன்று காலையில் மைதான நடுவில் அவன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாய், நினைவிருக்கிறதா. மறுநாள் நான் வழக்கம்போல முதல் பஸ்ஸில் திருவான்மியூர் வந்து இறங்கி, கொட்டடியைக் கூட்டுவதற்காக அவனை வெளியே பிடித்து வந்தேன். கயிறு என் கையில் இருந்தது என்றுதான் பெயர், என் காலோ அவன் காலோ, அந்த நடு இடத்துக்குத்தான் போனது. டீக்குக் கடித்துக்கொள்ள மடியில் ஒரு துண்டு வெல்லம் வைத்திருந்தேன், அதை அவனுக்குக் கொடுத்தேன். அடுத்த நாளும் கொடுத்தேன். அப்புறம் தினமும் ஆகிவிட்டது. சார் வருவதற்கு முன்னால், நிஷா வருவதற்கு முன்னால், பத்து நிமிஷம் நானும் அவனும் அந்த நடுவில் நின்று பேசிக்கொண்டிருப்போம். பேசுவது என்றால் நான்தான். அனு போன் பண்ணாள்டா, அங்கே பனி கொட்டுதாம்டா, குரல் ஒரு மாதிரி இருந்துச்சுடா, இப்படி. வீட்டில் பேச முடியாது, நான் உன் பெயரை எடுத்தாலே உன் நைனா இன்னாமே, மறுபடி ஆரம்பிச்சிட்டியா என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோவைக் கிளப்பிவிடுவார். மத்தாப்பு ஒருத்தன்தான் வாயைத் திறக்காமல் கேட்டான். பேச்சு முடிந்ததும் தலையை இடது பக்கம் திருப்புவான், முன்னங்காலை லேசாகத் தூக்குவான், வெல்லத்தைக் கொடுப்பேன். ஆறு மாதம் இப்படி நடந்திருக்கிறது. நீங்கள் எல்லாம் படித்துப் படித்துச் சொல்லிக்கொடுப்பதைவிட என் வெல்லம் கெட்டியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

இது தெரியாமல் செய்த தப்பு, இதற்கு நீ என்னைத் திட்டினால் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வேன். அடுத்ததுதான் தெரிந்தே செய்தது. நிஷா வீடியோ எடுத்த அன்றைக்கு நானும் வேலி ஓரமாக நின்று பார்த்தேன். அவன் தலையைத் திருப்பி முன்னங்காலைத் தூக்கியதுமே எனக்குப் புரிந்துவிட்டது. அவன் உன்னைத் தேடவில்லை, என் மடியைத் தேடுகிறான். அப்போதே சாரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் நீ வருகிறாய் என்று போன் வந்தது, எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. அதுதான் உண்மை. உன் படிப்பு போகும் என்று தெரியும், முதலாளி அவனை விற்றுவிடுவார் என்று தெரியும், எல்லாம் தெரிந்தும் எட்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன் பாயைக்கூட எடுத்து வெயிலில் போட்டேன். எட்டாம் நாள் நீ போனில், அம்மா, அவனுக்கு என்னால்தான் இந்த நிலைமை, நான் இந்த ஊருக்கு வந்திருக்கவே கூடாது என்று அழுதாய். செய்தவள் நான் இருக்க, நீ எதற்கு அழ வேண்டும். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் போய் சார் காலைப் பிடிக்காத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர், ஒரு மாசமா நான் குதிரை மனசைப் பத்தி புஸ்தகம் புஸ்தகமா படிச்சுண்டிருக்கேன், நீ வெல்லம் குடுத்துண்டிருக்கியா என்று கேட்டார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அனுவிடம் இதை நான் சொல்ல மாட்டேன், நீதான் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

அப்புறம் வைத்தியம் நடந்தது. எனக்கு மைதானத்துக்குள் கால் வைக்கத் தடை. வெல்லம் உண்டு, ஆனால் வேலை முடிந்து கேட்டைத் தாண்டி வெளியே வந்தபிறகுதான். நிஷா ஒரு மாதம் அவனை அந்த நடு இடத்தில் நிறுத்தவே இல்லை, மூலையில் நிறுத்துவாள், ஓரத்தில் நிறுத்துவாள், நடுவில் மட்டும் நிற்காமல் கடந்து போவாள். முதல் நாள் அவனாகவே அங்கே நின்று பதினோரு நிமிஷம் பிடிவாதம் பிடித்தான், நான் வேலிக்கு வெளியே மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நின்றேன், கல்நெஞ்சுக்காரி என்று அவன் நினைத்திருப்பான். பொங்கல் வரைக்கும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மறந்தான். முழுக்க மறந்தானா என்பது போட்டியில்தான் தெரியும் என்று சார் சொன்னார். உன் நைனா உன்னிடம் ஒன்றும் காட்டிக்கொள்ள மாட்டார், ஆனால் மத்தாப்பு நடந்துவிட்டால் நங்கநல்லூர் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டார். வடை சுடுவது நான்தான் என்பது வேறு விஷயம்.

நேற்று எனக்குத் துணைக்கு என்று பக்கத்து வீட்டுக் கோமளம் வந்தாள். இவ்வளவு பெரிய குதிரை, ஓடாதா, தாண்டாதா, நடக்கிறதுக்கும் நிற்கிறதுக்குமா கப்பு தராங்க என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். மைதானத்தைச் சுற்றி நட்டிருந்த எழுத்துகளைப் பார்த்துவிட்டு, ஏ-க்குப் பக்கத்துல கே இன்னாத்துக்கு, இஸ்கூல் பக்கமே போவாதவன் நட்ட போர்டா என்றாள். எனக்குச் சிரிக்கக்கூட முடியவில்லை. என்னைப் பார்த்தால் மத்தாப்பு கெட்டுவிடுவான் என்று சார் என்னைக் குதிரை ஏற்றி வந்த வண்டிக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டார், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துத்தான் இடமே காட்டினார். அதனால் உன் குதிரையின் முதல் போட்டியை நான் பார்க்கவில்லை கண்ணு, கோமளம் வண்டி ஓரமாகத் தலையை நீட்டிப் பார்த்துச் சொல்லச் சொல்லக் கேட்டேன். மணி அடித்தது. வந்துட்டான் என்றாள். நடுவுக்கு வந்துட்டான், நின்னுட்டான் என்றாள். அந்தப் பொண்ணு சல்யூட் வெச்சிருச்சு என்றாள். அப்புறம் பேச்சே இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன், மடியில் இருந்த வெல்லத்தை இறுக்கிப் பிடித்ததில் அது உருகிச் சேலையெல்லாம் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் கோமளம் மெதுவாக, போய்க்கினு கீறான்க்கா என்றாள். அவ்வளவுதான், நான் அந்த வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். மீதி ஐந்து நிமிஷம் அவன் வட்டம் போட்டதும் டிராட் என்று துள்ளி ஓடியதும் கோமளம் சொன்னாள், எதுவும் என் காதில் ஏறவில்லை. கடைசியில் மறுபடி ஒரு தடவை நடுவில் வந்து நின்று சல்யூட் அடித்துவிட்டு நல்ல பிள்ளையாக வெளியே வந்தான். வந்தவன் கேட்டைத் தாண்டினதும் என்னைக் கண்டுபிடித்து, தலையை இடது பக்கம் திருப்பி, முன்னங்காலைத் தூக்கினான். நசுங்கிப்போன வெல்லத்தைக் கையோடு சேர்த்து நக்கினான்.

பதினான்கு குதிரையில் மூன்றாவது. அறுபத்தாறு சதவீதம் என்று நிஷா குதித்தாள். ஜட்ஜ் பெங்களூரிலிருந்து வந்த அம்மா, அவர் எழுதிக் கொடுத்த தாளில் நடுவில் நின்றதற்குத்தான் எல்லாவற்றையும்விட அதிக மார்க்கு, பத்துக்கு எட்டு, அசையாமல் அழகாக நின்றான் என்று பாராட்டி எழுதியிருக்கிறார். என் வெல்லமும் சும்மா போகவில்லை பார். சிதம்பரநாதன் ஐயா கப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ஊர்வலத்துக்காரனை வேற குதிரை பாக்கச் சொல்லுங்க, இவனை நம்ம வீட்டுப் பிள்ளையாட்டம்லா வச்சிருக்கணும் என்று எல்லாரிடமும் சொன்னார், இரண்டு மாதம் முன்னால் பேசியது இவர்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எனக்குக் கடையிலிருந்து ஒரு சேலை கொடுத்தனுப்பினார், கத்திரிக்காய் கலரும் பச்சையும், அதைக் கட்டிக்கொண்டு போனால் மத்தாப்பு மிரள்வான்.

ஆகையால் அனு, நீ வரவேண்டாம். படிப்பை முடித்துவிட்டு வா. மத்தாப்பு உன்னை மறந்துவிட்டான் என்று நான் சொல்லவில்லை, உன் பெயரைச் சொன்னால் இன்னமும் காதை நிமிர்த்துகிறான். ஆனால் அவன் ஏங்கிப்போய் நிற்கவில்லை. தினமும் அந்த நடு இடத்தில் போய் நின்றது நான், ஏங்கினது நான், பழியைத்தான் வாயில்லாத ஜீவன்மேல் போட்டுவிட்டோம். உன்னைப் பிரிந்து இருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று நான் நேராகவே சொல்லியிருக்கலாம், வெல்லம் மிச்சமாகியிருக்கும். இப்போது சொல்லிவிட்டேன். குதிரையே ஒரு மாதத்தில் பழகிக்கொண்டது, நான் பழகிக்கொள்ள மாட்டேனா. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பேசு, அது போதும்.

நீ ஏறும் குதிரையெல்லாம் உன் சொல் கேட்கட்டும், நீ நினைத்தது நினைத்தபடி நடக்கட்டும், மருந்தீஸ்வரர் உன்னைக் கைவிடாமல் பார்த்துக்கொள்வார். வாரம் ஒருமுறை தலைக்கு எண்ணெய் வை. அங்கே உன் வாத்தியாரிடம் படிப்பை விடுவதாக ஏதாவது சொல்லி வைத்திருந்தால் நாளைக்கே போய் இல்லை என்று சொல்லிவிடு, சொன்னதும் எனக்கு ஒரு மெசேஜ் போடு.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும் அம்மா,
வேலம்மா.

பொடி டப்பாவுக்கு அடியில் தாளில் சுற்றி ஒரு அச்சு வெல்லம் இருக்கிறது, அது உனக்கு. அங்கே இருக்கிற குதிரைக்கும் கொடுக்கத் தோன்றினால் கொடு, ஆனால் கேட்டைத் தாண்டி வெளியே வந்தபிறகு கொடு.