பத்துப் பேருக்கும் ஒரே மனைவி

சூரமங்கலத்தில் மகள் வீட்டில் இருக்கும் என் வீட்டுக்காரிக்கு,

"என் பேரை எழுதப் பழகுங்க, அப்பறம் வாரேன்" என்று கோபித்துப் போனாய். முதியோர் வகுப்பில் நான் வாங்கிய சான்றிதழைப் பார்த்துவிட்டு நாளைக்குக் கிளம்புகிறாயாம்.

அது செல்போனில் நடந்த கூத்து. பத்துக் கிழவர்கள் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்து படிக்கிறோமாம். மனைவி பெயரை எழுதச் சொன்னார்கள். நான் சொல்ல, பக்கத்து வீட்டுச் சுகன்யா தட்டி அனுப்பினாள். மற்ற ஒன்பது வெட்கங்கெட்டதுகளும் அதையே எடுத்துப் போட்டன. ஒன்பது கல்யாணத்திலும் பந்தி பரிமாறியவன் நான். ஒருத்தியும் செல்லாயி இல்லை. வாத்தியாரம்மா படித்தாவது பார்த்தாளா? "அருமைங்க, எல்லாரும் பாஸ்" என்றாள்.

அந்தக் காகிதத்தை நம்பி வராதே. இந்தக் கடிதமும் சுகன்யா எழுதுவதுதான். கீழே கோணலாக இருப்பது மட்டும் என் கை. கடைசி எழுத்து இன்னும் வரவில்லை.

செல்லா