மேசைக்கு வைத்த வாட்டம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் நலம். நீயும், உள்ளே இருந்தபடி உன்னை உதைப்பவரும், மாப்பிள்ளையும், பெரியவளும் சுகமாக இருக்க வேண்டும், எங்களுக்கு எந்நேரமும் அதே நினைப்புத்தான்.

நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. முதல் பிரசவத்தில் சிசேரியனுக்காக முதுகில் ஊசி போட்டதும் பிரஷர் இறங்கி, கண் இருட்டி, செத்தே போயிட்டேன்னு நினைச்சேம்மா என்றாய். இந்தத் தடவை முழுசாக மயக்கிவிடச் சொல்லப் போகிறேன் என்றாய். சொல், தப்பில்லை. அதற்கு முன் போன வாரம் உன் அண்ணி பிள்ளை பெற்ற கதையை முழுதாகக் கேட்டுக்கொள். அண்ணன் உனக்குப் பாதியைத்தான் சொல்லியிருப்பான், மீதிப் பாதியில்தான் அவன் மானம் கப்பலேறியது.

அந்த ஆஸ்பத்திரியில் சிசேரியன் நடக்கும்போது கணவனை ஆபரேஷன் மேசையின் தலைமாட்டில் உட்கார விடுகிறார்கள். டைல்ஸ் பதிப்பவனை எங்கே உட்கார வைத்தாலும் கண் மட்டம்தானே பார்க்கும்! மேசை இடப்பக்கமாகச் சாய்ந்திருந்ததைப் பார்த்துவிட்டான். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன், மயக்க மருந்து டாக்டரம்மாவிடம், "மேடம், தப்பா நினைக்காதீங்க, உங்க மேசை மட்டமா இல்ல. ரசமட்டம் வண்டியிலதான் இருக்கு, எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டு, மேசைக் காலடியில் அட்டை வைக்கக் குனிந்தேவிட்டானாம். அண்ணி படுத்தபடியே, "இவர வெளிய அனுப்புங்க, நான் தனியாவே பெத்துக்கிறேன்" என்றாளாம். டாக்டரம்மா சிரித்துக்கொண்டு, "குளியலறைத் தரைக்கு எதுக்குங்க வாட்டம் வைக்கிறீங்க?" என்று கேட்க, தண்ணி தேங்காம ஓடத்தான் என்றிருக்கிறான். "இதுவும் அதுக்குத்தான். நேரா மல்லாந்து படுத்தா வயித்துப் பாரம் பெரிய ரத்தக்குழாய அமுக்கிடும். ரத்தம் நெஞ்சுக்குத் திரும்பி ஓடணும்ல?" என்றாராம்.

சாய்ப்பது மட்டும் போதாதாம். முதுகில் போடும் அந்த ஊசி இடுப்புக்குக் கீழே ரத்தக்குழாய்களைத் தளர்த்திவிடும். கடைசி மணி அடித்ததும் பிள்ளைகள் திடலுக்கு ஓடி வகுப்பறை காலியாவதுபோல ரத்தமெல்லாம் காலுக்குப் போய்விடும், தலை காலி. ஓடியவர்களைத் துரத்திப் பிடிப்பது எத்தனை பாடு என்று எனக்குத் தெரியாதா? அதனால் டாக்டர்கள் மணி அடிக்கும் முன்பே வாசலில் போய் நின்றுவிடுகிறார்கள். அண்ணிக்கு ஊசி போட்ட கையோடு டிரிப்ஸை வேகமாக ஏற்றி, ரத்தக்குழாயை இறுக்கும் மருந்தையும் கூடவே விட்டு, நிமிஷத்துக்கு ஒரு தரம் பிரஷர் பார்த்தார்களாம். ஒரு தடவை குமட்டியது, சொன்னாள், மருந்தைக் கூட்டினார்கள், அடங்கிவிட்டது. பிள்ளை அழுததை விழித்திருந்து கேட்டாள். அழுகைச் சத்தம் இரண்டு கேட்டதாம், ஒன்றுதான் பிள்ளையுடையது, மற்றது தலைமாட்டிலிருந்து.

ஆகவே முதல் தடவை நடந்ததை ஒன்று விடாமல் உன் டாக்டரிடம் சொல், தெரிந்தால்தானே தயாராக நிற்பார்கள். எந்த மயக்கம் என்று பிறகு இருவரும் பேசி முடிவெடுங்கள், பயத்தை மட்டும் முடிவெடுக்க விடாதே. மேசையில் குமட்டினாலோ தலை சுற்றினாலோ அந்த நொடியே சொல்லிவிடு. என் வகுப்பில் அனுமதி கேட்டுக் கையைத் தூக்கியபடியே நின்று, கடைசியில் என் மேசைமேலேயே வாந்தி எடுத்தவள் நீ. அங்கே கை தூக்காதே, கத்து.

உனக்கும் வரப்போகிறவருக்கும் ஒரு குறையும் வராது. பிள்ளையின் முதல் அழுகையைப் போனில் எனக்கும் கேட்கவைக்க மாப்பிள்ளையிடம் சொல்லிவை.

ஆசிகளுடன்,
அம்மா

பி.கு.: தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் உன் அண்ணன் எழுதச் சொல்கிறான்: "மேசை மட்டமா இருந்தா, ஏன்னு கேளு."