நடுங்க விடாத வீடு

அக்கா,

இன்று காலை பேருந்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் மடியில் ஈரச் சாக்கு. உள்ளே மல்லிகை மொட்டு. அந்த வாசனை பட்டதும் எனக்கு முதுகு விறைத்துக்கொண்டது. சித்தையன்கோட்டைப் பக்கம் பூப் பறித்துவிட்டுத் திரும்பும்போது நம் லோடு ஆட்டோ கவிழ்ந்து, ஈரச் சாக்குகளுக்கு அடியில் நீயும் நானும் கிடந்தோமே, அப்போது மூக்கில் ஏறியதும் இதுதான்.

எலும்பு எதுவும் முறியவில்லை, தப்பித்தோம் என்றார்கள். ஆனால் அதன்பிறகு உன்னால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இரவைக் கழித்தாய். பக்கத்து வீடு என்பதால் உன் பெருமூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். திண்டுக்கல்லில் மனநல ஆலோசகர் அம்மாவிடம் உன்னைக் கூட்டிப்போனேன். மாத்திரை தருவார் என்று நினைத்தோம். அவரோ செருப்பைக் கழற்றச் சொல்லி, முதுகைச் சுவரில் கொடுத்து முழங்காலை மடக்கி நிற்க வைத்தார். செத்த நேரத்தில் உன் தொடை நடுங்கியது. "வரட்டும், அடக்காதீங்க. அன்னைக்கு உடம்பு நடுங்கி முடிக்கல. இப்ப முடிக்கட்டும்," என்றார்.

"இதுக்கா புள்ள இம்புட்டு தூரம் இழுத்துட்டு வந்த?" என்று பஸ்ஸில் என்னைக் கிள்ளினாய். அன்று மத்தியானமே பாயில் நீட்டிப் படுத்துத் தூங்கினாய். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அதையே வீட்டில் செய்ததுதான் வினையாயிற்று. நீ நடுங்குவதை உன் மாமியார் பார்த்துவிட்டார். ஆத்தா இறங்கிவிட்டாள் என்று தெருவே கூடிவிட்டது. உன் நெற்றி நிறைய விபூதி, கையில் வேப்பிலை. "எம் மகளுக்கு எப்ப ஆத்தா வரன் அமையும்?" என்று ஒருத்தி உன் காலில் விழுந்தாள். இது வைத்தியம் என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. முதலில் நாம் இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். வெள்ளிதோறும் ஆள் வரத் தொடங்கியதும் சிரிப்பு போய்விட்டது.

"நடுங்கக்கூட விடமாட்டேங்கிறாகடி," என்றாய். அதோடு அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டாய். தோள் காதுவரை ஏறி அப்படியே இறுகிப்போனது. மறுபடி நீ படுத்து நான் பார்க்கவில்லை. தூக்கமில்லாமல் தேய்ந்துபோய், ஒரு காலையில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்திருந்தாய்.

இப்போது திண்டுக்கல்லில் அந்த அறைக்கு நான் போகிறேன். ஆலோசகர் அம்மா பொறுமையாகத்தான் சொல்லித் தருகிறார். தொடை நடுங்கத் தொடங்கும்போதே என் கண் கதவுப் பக்கம் போய்விடுகிறது, யாராவது விபூதித் தட்டோடு நிற்பார்களோ என்று. உடனே கால் இறுகிவிடுகிறது. அங்கே யாரும் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். உடம்புதான் நம்ப மாட்டேன் என்கிறது, அக்கா.