மூன்றாவது உரை

அன்புள்ளவருக்கு,

நேரில் சொல்ல வாய் வரவில்லை. கடிதம் எழுதுவதற்கு மன்னியுங்கள்.

கீதைக்கு ஓர் உரை கேட்டேன். "மூணுலயும் ஒரே சுலோகத்தைப் படிச்சுப் பார்த்து எடுத்துக்கோ" என்று உங்கள் அலமாரியிலிருந்த மூன்று உரைகளைக் காட்டினீர்கள். பெண்களைப் பற்றிய சுலோகத்தைப் பார்த்தேன்.

"எதுக்கு அண்ணி இத்தனை யோசனை? ஏதாவது ஒண்ணு எடுங்க" என்று உங்கள் தங்கை சிரித்தாள்.

மூன்றாவது உரையில், பெண்ணாய்ப் பிறப்பதே பாவத்தின் பலன் என்றிருந்தது. யாரோ எழுதியது என்று கடந்திருப்பேன். ஓரத்தில் உங்கள் கையெழுத்தில் 'முற்றிலும் உண்மை' என்றிருந்தது. கீழே தேதி, நம் நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள். அந்தப் புத்தகத்தோடு வந்துவிட்டேன்.

போவன்பள்ளி மார்க்கெட்டில் வெங்காயம் தரம் பிரித்து என்னைப் பட்டதாரியாக்கிய அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகுமுன் வந்து, அந்தப் பக்கத்தையும் நீங்கள் எழுதியதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கு நிச்சயித்த பெண்