மூன்று நாள் அளவுத் தாள்

அன்புள்ள தம்பிக்கு அண்ணி எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நீ சுகமாக இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை டாக்டர் அறையில் இருந்தவர்கள்: டாக்டர், நர்ஸ், உன் அண்ணன், நான். அத்தை வெளியே பெஞ்சில். அவர்களிடம் நீர்க்கடுப்பு என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். எங்கள் நால்வரை விட்டால் விஷயம் தெரியப்போவது உனக்குத்தான்.

அண்ணன் சிறுநீர் போகும் நேரத்தையும் அளவையும் மூன்று நாள் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். அளவுக்கோடு போட்ட குவளை வாங்கி, தாளில் கட்டம் கட்டி எழுதினேன். முதல் நாளே முப்பத்தொரு முறை. ஒரு தடவைகூட ஐம்பது மில்லியைத் தாண்டவில்லை. ஏழு கட்டத்தில் ‘ரத்தம்’ என்று எழுதும்படி ஆயிற்று. “யாரும்மா இவ்வளவு சுத்தமா எழுதினது? எங்க நர்ஸம்மா பாத்தா வேலையை விட்டுட்டுப் போயிடுவாங்க” என்றார் டாக்டர். நர்ஸும் சிரித்தார். கடைசி வரி வரை படித்தபின் டாக்டர் சிரிக்கவில்லை. “என்ன போதைத் தூள் இழுக்கறீங்க?” என்று அண்ணனிடம் நேராகவே கேட்டார்.

“என் தம்பிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல டாக்டர்” என்றார் உன் அண்ணன். உன்னைப் பற்றி அங்கே யாரும் கேட்கவே இல்லை.

மூக்கில் இழுக்கும் அந்தத் தூளால் சிறுநீர்ப்பை சுருங்கி, உள்ளே புண்ணாகியிருக்கிறதாம். இப்போதே நிறுத்தினால் ஓரளவு தேறலாம். இல்லாவிட்டால் சிறுநீரகமும் கெடும், பையையே எடுக்க வேண்டிவரலாம் என்றார். தாம்பத்தியம் பற்றியும் கேட்டார். ஆசை போவதும், முடியாமல் போவதும்கூட அந்தத் தூளால் இருக்கலாமாம். நான்கு வருடமாக ஒரு குழந்தைக்காக வாரம் ஒரு நாள் பட்டினி கிடந்து, குறை என்னுடையது என்றுதான் சாமியிடம் அழுதேன். அது கிடக்கட்டும்.

போன தடவை நீ வந்தபோது இரண்டு பேரும் மாறி மாறி எழுந்து போனீர்கள். “அண்ணி, பாத்ரூம் வாசல்ல டோக்கன் குடுங்க” என்றாய். விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது நீ எத்தனை தடவை எழுந்து போனாய் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

மேடை விளக்கு வேலைக்குப் போய் ஒரே அறையில் இருந்தீர்களே, அப்போது தொடங்கியதா? கேட்டால் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார். பதினெட்டாம் தேதி மறுபடி போகிறோம். என்ன தூள், எத்தனை வருடம் என்று எழுது. இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. உன்னை நான் ஒரு வார்த்தை திட்டமாட்டேன்.

இதோடு கட்டம் போட்ட இன்னொரு தாளும் வைத்திருக்கிறேன். அது உனக்கு. ஒரு கட்டத்தையும் விடாமல் நிரப்பி அனுப்பு.

சாமி உன்னைக் காப்பாற்றட்டும். சீக்கிரம் பதில் போடு, தம்பி.

உன் அண்ணி